படைவீரனின் கையில் எந்தக் கோப்பை?

இவ்வார தியானப் பகுதிகள்: நீதிமொழிகள் 31:4-7, 2 சாமுவேல் 11:6-15, 1 இராஜாக்கள் 19:1-8



நம் ஊரின் பெயரை இன்று படவேடு என்று எழுதுகிறோம். அதன் பழைய வடிவம் படைவீடு. படை தங்கியிருக்கும் இடம் என்பது அதன் பொருள். 14-ஆம் நூற்றாண்டில் சம்புவராயர்களுக்கு இது தலைநகராயிருந்தது. விஜயநகரத்து இளவரசர் குமார கம்பணரின் படை அவர்களை வென்றதும் அந்நூற்றாண்டிலேதான். அந்தக் காலத்துக் கோட்டைகளின் எச்சங்கள் இன்று வாழைத்தோப்புகளுக்கு நடுவே கிடக்கின்றன. ஆயினும் ஊர்ப்பெயர் பொய்க்கவில்லை. படவேடு, சந்தவாசல், கண்ணமங்கலம், ஆரணி என்று எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் இராணுவத்தில் பணிபுரிகிறவரையோ பணி முடித்துத் திரும்பியவரையோ காணலாம். வேலூரை அடுத்த கம்மவான்பேட்டையை இராணுவப்பேட்டை என்றே மக்கள் அழைக்கிறார்கள். விடுப்பு முடிந்து காட்பாடி இரயில் நிலையத்தில் பெட்டியோடு நிற்கும் பிள்ளையை வழியனுப்பிவிட்டுக் கண்களைத் துடைத்துக்கொண்டு திரும்பிய தாய்மார் நம் சபையிலும் உண்டு. ஆகையால் இந்த வாரம் நான் எழுதப்போவது தூரத்து விஷயம் அல்ல; நம் வீட்டு விஷயம்.

சில மாதங்களுக்கு முன், விடுப்பில் வந்திருந்த ஓர் இளம் படைவீரர் ஒரு மாலை வேளையில் என்னைத் தேடி வந்தார். அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். வடக்கே பனி உறையும் எல்லையில் இரண்டு ஆண்டுகள் காவல் நின்றவர். அங்கே தம் கண்ணெதிரே நண்பர் ஒருவரை இழந்தவர். நெடுநேரம் வாழை விலையையும் மழையையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்துவிட்டு, புறப்பட எழுந்தவர் மறுபடியும் உட்கார்ந்தார்.

"ஐயா, எனக்குத் தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் அந்த இரவுதான் வருகிறது. ஊருக்கு வந்த பிறகு பழைய சிநேகிதர்கள் தோப்பில் கஞ்சா கொடுத்தார்கள். அன்றைக்குத் தூங்கினேன்" என்றார். நான் பேசாமல் இருந்தேன். அவரே தொடர்ந்தார்: "கேன்டீனில் ரம் வாங்கிக் குடித்தால் யாரும் கேட்பதில்லை. இதைத் தொட்டேன் என்று தெரிந்தால் வேலை போய்விடும். வெளிநாட்டில் இராணுவத்துக்கே இதை அனுமதித்திருக்கிறார்களாம். நம்முடைய தேசத்தில் மட்டும் ஏன் கூடாது? வேதம் இதைப் பற்றி என்ன சொல்லுகிறது, ஐயா?"

பிரியமானவர்களே, "அது பாவம், தம்பி, விட்டுவிடும்" என்று ஒரே வாக்கியத்தில் சொல்லி, ஜெபித்து அனுப்பியிருக்கலாம். அப்படி அனுப்பியிருந்தால் அவர் மறுபடியும் தோப்புக்குத்தான் போயிருப்பார். அவருடைய கேள்வி நேர்மையானது. நேர்மையான கேள்விக்கு நேர்மையான பதில் கடனாயிருக்கிறது. அந்தப் பதிலைத் தேடி நான் வாசித்ததையும் ஜெபத்தில் யோசித்ததையும் உங்கள்முன் வைக்கிறேன்.

சட்டம் சொல்வது

நம் நாட்டில் கஞ்சாவைத் தடைசெய்வது 1985-ஆம் ஆண்டின் போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம். செடியின் பூக்கும் நுனியாகிய கஞ்சாவும் அதன் பிசினாகிய சரஸும் அதில் அடங்கும். தனித்து எடுத்த இலையையும் விதையையும் அச்சட்டம் சேர்க்கவில்லை; வடநாட்டில் பண்டிகை நாட்களில் பாங்கு புழங்குவது அதனால்தான். ஒரு கிலோ வரை கஞ்சா வைத்திருந்தால் அது சிறிய அளவு. ஓராண்டு வரை கடுங்காவலோ, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். இது குடிமக்கள் எல்லாருக்கும் பொது.

படைவீரருக்கு இதற்கு மேலும் ஒரு சட்டம் உண்டு. 1950-ஆம் ஆண்டின் இராணுவச் சட்டம், 48-ஆம் பிரிவு. பணியில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மயக்கநிலையில் காணப்படுவது குற்றம் என்கிறது அது. அதிகாரி பதவி நீக்கப்படலாம். சிப்பாய்க்கு இரண்டு ஆண்டு வரை சிறை, பணிநேரம் அல்லாத வேளையாயின் ஆறு மாதம் வரை. அந்தப் பிரிவின் வாசகம் மயக்கம் எதனால் வந்தது என்று பிரித்துப் பேசவில்லை. ஆகவே "ரம்முக்கு அனுமதி, கஞ்சாவுக்குத் தண்டனை" என்பது முழு உண்மை அல்ல. ரம் குடித்து நிலைதடுமாறினாலும் தண்டனை உண்டு. ஆனாலும் ஒன்றைச் சலுகை விலையில் விற்றுவிட்டு மற்றொன்றைக் குற்றமாக்கியிருக்கிறோம் என்பதை மறுக்க முடியாது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

எதிர்த்தரப்பின் நியாயம்

தேவனுடைய பிள்ளைகள் ஒரு காரியத்தை எதிர்க்கும்போதும் அதைப் பற்றிப் பொய் சொல்லக்கூடாது. கஞ்சாவை எதிர்க்கிறவர்கள் சில வேளைகளில் அப்படிச் சொல்லிவிடுகிறோம். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் மதுவிலக்கு ஆர்வலர்கள் எழுப்பிய கேள்வியின் விளைவாக 1893-இல் இந்தியக் கஞ்சா ஆணையம் அமைக்கப்பட்டது. ஏழு பேர் கொண்ட அந்த ஆணையம் சென்னை மாகாணம் உட்பட நாடெங்கும் 1,193 பேரிடம் சாட்சியம் பெற்றது. இந்தியப் படைப்பிரிவுகளுக்கும் தனியே கேள்விகளை அனுப்பிப் பதில் வாங்கியது. அதன் உறுப்பினர்களில் ஒருவர் கபூர்தலா அரச குடும்பத்தில் பிறந்து கிறிஸ்துவை ஏற்றுக்கொண்ட ஹர்நாம் சிங்; சுதந்தர இந்தியாவின் முதல் சுகாதார அமைச்சரான ராஜ்குமாரி அம்ரித் கௌரின் தகப்பனார்.

1894-இல் ஆணையம் தந்த முடிவு பலருடைய எதிர்பார்ப்புக்கு மாறாயிருந்தது. அளவான பழக்கத்தால் பெரும் தீங்கு காணப்படவில்லை. மிகையான பழக்கம் உடலையும் மனதையும் கெடுக்கும். முழுத் தடை வேண்டாம், வரியும் கட்டுப்பாடும் போதும் என்றது. மனநல விடுதிகளில் பைத்தியத்துக்குக் காரணம் கஞ்சா என்று எழுதிவைத்திருந்த பதிவுகள் பல, விசாரணையில் நிற்கவில்லை என்றும் கண்டது. அதற்குப் பின் மருத்துவம் வெகுதூரம் வந்துவிட்டது. இளவயதில் தொடர்ந்து அதிகமாய்ப் பயன்படுத்துவோருக்கு மனநோய் வரும் அபாயம் கூடுகிறது என்று இன்றைய மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துத்தான் நாம் சொல்ல வேண்டும்.

வெளிநாட்டைப் பற்றி அந்தத் தம்பி சொன்னதும் மெய்தான். கனடா தேசம் 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கியது. படைவீரருக்கும் முற்றாகத் தடை விதிக்கவில்லை. அமெரிக்காவிலோ பல மாநிலங்கள் குடிமக்களுக்கு அனுமதித்த பின்பும் இராணுவத்தில் தடை நீடிக்கிறது. நம் தேசமும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. 2020 டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் ஆணையம் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து நீக்க வாக்கெடுத்தபோது, 27-க்கு 25 என்ற கணக்கில் அது நிறைவேறியது; நீக்குவதற்கு ஆதரவாக வாக்களித்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

இராஜமாதாவின் ஆலோசனை

இனி வேதத்துக்கு வருவோம். கஞ்சா என்ற சொல் பரிசுத்த வேதாகமத்தில் இல்லை. ஆனால் நீதிமொழிகள் 31-ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் ஒரு தாய், ராஜாவாகிய தன் மகனுக்குச் சொல்லும் ஆலோசனை உண்டு. குணசாலியான ஸ்திரீயைப் பற்றிய பகுதிக்கு விரைந்துபோகிற நாம் அதை வாசிக்காமல் கடந்துவிடுகிறோம். அந்தத் தாயின் ஆலோசனைக்கு இரண்டு பாதிகள். ஆளுகிறவனுக்கு மது தகாது. குடித்தால் நியாயப்பிரமாணத்தை மறந்து, சிறுமைப்பட்டவனுடைய நியாயத்தைப் புரட்டிவிடுவான் என்பது முதல் பாதி. மடிந்துபோகிறவனுக்கும் மனம் கசந்தவனுக்கும் அதைக் கொடுங்கள். அவன் தன் வருத்தத்தை மறக்கட்டும் என்பது இரண்டாம் பாதி.

கவனியுங்கள். அந்தத் தாய் கோப்பையைப் பார்த்து மட்டும் நியாயம் தீர்க்கவில்லை. அதைப் பிடித்திருக்கும் கையையும் பார்க்கிறாள். மற்றவர்களுடைய ஜீவன் யார் கையில் ஒப்புவிக்கப்பட்டிருக்கிறதோ, அவன் தெளிந்த புத்தியுள்ளவனாயிருக்க வேண்டும். துன்பத்தால் நொறுங்கியவனுக்கோ இரக்கம் காட்டப்பட வேண்டும்.

படைவீரனுடைய இக்கட்டு இதுதான்: அவன் ஒரே சமயத்தில் இரண்டு பாதியிலும் நிற்கிறான். அவன் கையில் துப்பாக்கி இருக்கிறது. ஆகையால் முதல் பாதி அவனுக்குரியது. அவன் உள்ளம் கசந்திருக்கிறது. ஆகையால் இரண்டாம் பாதியும் அவனுக்குரியது. தடை வேண்டும் என்கிறவர்கள் முதல் பாதியை மட்டும் வாசிக்கிறார்கள். அனுமதி வேண்டும் என்கிறவர்கள் இரண்டாம் பாதியை மட்டும் வாசிக்கிறார்கள்.

துப்பாக்கி பிடித்த கை

முதல் பாதிக்கு என் பதில் தெளிவானது. பணியிலிருக்கும் படைவீரருக்குக் கஞ்சாவை அனுமதிக்கலாகாது. இதற்குச் சாட்சியாக, அனுமதித்த கனடாவையே அழைக்கிறேன். 2018-இல் அந்நாட்டு இராணுவம் வகுத்த விதியைப் பாருங்கள். பணிக்கு முந்திய 8 மணி நேரம் பயன்படுத்தக்கூடாது. ஆயுதத்தைக் கையாளுவதற்கு முன் 24 மணி நேரம் கூடாது. விமானம், நீர்மூழ்கிக் கப்பல் போன்ற பணிகளுக்கு முன் 28 நாட்கள் கூடாது. இந்த விதியை நம் எல்லைக்குக் கொண்டுபோங்கள். இரவும் பகலும் ஆயுதத்தோடு காவல் நிற்கிறவனுக்கு, ஆயுதம் தொடாத 24 மணி நேரம் எந்த வாரத்தில் வரும்? அழைப்பு எந்த நேரத்திலும் வரும் என்பதுதானே அவனுடைய பணி? அனுமதித்த நாட்டின் விதியே நம் காவல் அரணில் தடையாக மாறிவிடுகிறது.

மேலும், படைவீரனின் மயக்கம் அவனோடு நின்றுவிடுவதில்லை. பக்கத்தில் நிற்கும் தோழனின் உயிரும், எதிரே வரும் நிரபராதியான கிராமத்தானின் உயிரும் அவனுடைய ஒரு நொடித் தீர்மானத்தில் தொங்குகின்றன. யோவான் ஸ்நானகனிடத்தில் போர்ச்சேவகர் வந்து, தாங்கள் என்ன செய்யவேண்டும் என்று கேட்டார்கள் (லூக்கா 3:14). வேலையை விட்டுவிடச் சொல்லவில்லை அவன். கையிலிருக்கும் பலத்தால் ஒருவரையும் ஒடுக்காதிருக்கச் சொன்னான். பலத்தை அடக்கியாள்வதற்குத் தெளிந்த புத்தி வேண்டும்.

அப்படியானால் ரம்?

அந்தத் தம்பியின் குத்தலான கேள்விக்கு இப்போது வருகிறேன். இங்கே நான் அவருடைய பக்கத்தில் நிற்கிறேன்.

பத்சேபாளின் கணவனாகிய உரியா ஒரு போர்வீரன். தன் பாவத்தை மூடுவதற்காகத் தாவீது அவனைப் போர்க்களத்திலிருந்து வரவழைத்து, வீட்டுக்குப் போகச் சொன்னான். தோழர்கள் வெளியிலே பாளயமிறங்கியிருக்கையில் தான் மட்டும் வீட்டில் சுகமாயிருப்பதற்கு உரியா இசையவில்லை. மறுநாள் தாவீது தன் பந்தியில் அவனை வெறிக்கப்பண்ணினான். அப்போதும் அவன் வீட்டுக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாள் தன் சாவுக்குரிய கடிதத்தைத் தானே சுமந்துகொண்டு போர்முனைக்குத் திரும்பினான். ராஜா ஊற்றிக்கொடுத்த அந்தக் கோப்பை அன்பினால் கொடுத்தது அல்ல. ராஜாவின் தேவைக்காகக் கொடுத்தது.

சரித்திரம் முழுவதிலும் அந்தக் கோப்பை சுற்றிவருகிறது. 1940-இல் ஜெர்மானிய இராணுவம் தன் வீரர்கள் உறங்காமல் முன்னேறும்படி பெர்விட்டின் என்ற தூண்டு மாத்திரையை இலட்சக்கணக்கில் கொடுத்தது. பிரிட்டிஷ் கடற்படை மாலுமிகளுக்குத் தலைமுறை தலைமுறையாய் நாள்தோறும் ரம் அளந்து ஊற்றியது. 1970 ஜூலை 31-ஆம் தேதியோடு அது நிறுத்தப்பட்டது. நுட்பமான இயந்திரங்களைக் கையாளுகிறவனுக்கு நிதானம் வேண்டும் என்று உணர்ந்துகொண்டார்கள். படைவீரனுக்குப் போதையைக் கொடுக்கிறவர்கள் பல வேளைகளில் அவனுடைய நன்மைக்காகக் கொடுப்பதில்லை. அவன் பயப்படாமலிருக்க, உறங்காமலிருக்க, கேள்வி கேட்காமலிருக்கக் கொடுக்கிறார்கள். கஞ்சாவுக்கு அனுமதி கேட்கிற அன்பர்களுக்கு என் அச்சம் இதுதான்: அவனுடைய காயத்தைக் குணமாக்கும் செலவை மிச்சப்படுத்த, அவனை மந்தமாக்கும் மலிவான வழியாக நாளைக்கு அது ஆகிவிடாதா?

ஆகையால் ரம்முக்கும் கஞ்சாவுக்கும் நடுவிலுள்ள முரண்பாட்டைத் தீர்க்க வேண்டுமானால், இரண்டாவது கோப்பையையும் நிரப்புவது வழியல்ல. முதல் கோப்பையைக் குறைப்பதே வழி. இதைச் சொல்லும்போது இராணுவத்தை நோக்கி மட்டும் விரல் நீட்டமாட்டேன். நம் வீட்டுக் கல்யாணத்துக்கு முந்தின வாரம், ஓய்வுபெற்ற படைவீரரின் கதவைத் தட்டி, "அண்ணே, கேன்டீன் சரக்கு ரெண்டு பாட்டில் கிடைக்குமா?" என்று கேட்கிறவர்கள் யார்? ஞாயிற்றுக்கிழமை நம்மோடு பாட்டுப்புத்தகம் பிடித்து நிற்கிறவர்களும் அவர்களில் உண்டு. அவருடைய சேவையை நாம் நினைவுகூரும் வேளை அது ஒன்றுதான் என்றால், நாமும் உரியாவுக்கு ஊற்றிக்கொடுத்த கூட்டத்தில் சேர்ந்தவர்கள் அல்லவா? தோப்பில் கஞ்சா கொடுத்த வாலிபரைக் கண்டிக்கும் முன் நாம் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

கசந்த உள்ளம்

இரண்டாம் பாதிக்கு வருவோம். பணி முடித்து வந்த படைவீரர், போர்க்காட்சிகள் மனதைவிட்டு அகலாமல் தவிக்கிறார். அவருக்கு இது மருந்தாகலாமா? இதில் உலகம் ஒருமனப்படவில்லை. கனடாவின் முன்னாள் படைவீரர் துறை, மருத்துவர் அனுமதியோடு வாங்கும் கஞ்சாவுக்குப் பணம் தருகிறது. 2016-இல் நாளொன்றுக்கு 3 கிராம் என்று வரம்பு கட்டியது. அமெரிக்காவின் இராணுவத் துறையும் முன்னாள் படைவீரர் துறையும் சேர்ந்து வெளியிட்ட சிகிச்சை வழிகாட்டியோ, அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய்க்குக் கஞ்சாவைப் பயன்படுத்த வேண்டாம் என்று பரிந்துரைக்கிறது. அது குணமாக்குகிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை, தீங்கு உண்டு என்பதே அதன் காரணம்.

நான் மருத்துவன் அல்ல. ஆயினும் ஒரு போதகனாக இதைச் சொல்வேன். நல்ல ஆய்வுகள் நாளைக்கு இதில் நன்மை உண்டு என்று காட்டி, மருத்துவர் ஒருவர் அளவோடும் கண்காணிப்போடும் கொடுப்பாரானால், சபை அதற்குக் குறுக்கே நிற்கக்கூடாது. அபினிச் செடியிலிருந்து எடுக்கும் மார்ஃபின் புற்றுநோயாளியின் வேதனையைத் தணிக்கிறது. அது நோயாளிகளுக்கு எளிதாய்க் கிடைக்கும்படி 2014-இல் நம் நாடாளுமன்றமே சட்டத்தைத் திருத்தியது. அதை எந்தச் சபையும் பாவம் என்று சொல்லவில்லை. தீமோத்தேயுவின் வயிற்றுநோய்க்குக் கொஞ்சம் திராட்சரசம் அருந்தும்படி பவுல் எழுதினார் (1 தீமோத்தேயு 5:23). நல்ல சமாரியன் காயத்தில் எண்ணெயோடு திராட்சரசத்தையும் வார்த்தான் (லூக்கா 10:34).

"சிலுவையில் மயக்கம் தரும் பானத்தை ஆண்டவர் ஏற்றுக்கொள்ளவில்லையே" என்று சிலர் கேட்பார்கள் (மாற்கு 15:23). மெய்தான். நம்முடைய பாவத்தின் முழு வேதனையையும் தெளிந்த நினைவோடு சுமக்கும்படி அவர் அதை மறுத்தார். அந்தக் கோப்பையைத் தமக்கு மறுத்தாரேயன்றி, காயப்பட்டவர்கள் எல்லாரும் மறுக்கும்படி கட்டளையிடவில்லை. அவர் பட்ட பாட்டை எடுத்து, வேதனைப்படுகிற சகோதரன்மேல் சுமையாக வைக்க நமக்கு அதிகாரமில்லை.

ஆனால் தோப்பில் சிநேகிதன் கொடுக்கும் பொட்டலம் மருந்து அல்ல. அதன் அளவு தெரியாது, வீரியம் தெரியாது, என்ன கலந்திருக்கிறது என்று தெரியாது. அன்றைக்கு ஒரு நாள் தூக்கம் வந்தது உண்மையாயிருக்கலாம். காயம் அப்படியே இருக்கிறது. அதன்மேல் ஒரு துணி மூடியிருக்கிறது, அவ்வளவே.

சூரைச்செடியின்கீழ் தேவன் செய்தது

கர்மேல் பர்வதத்தில் பெரிய யுத்தம் செய்து முடித்த எலியா, மறுபடியும் வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, தான் சாகவேண்டும் என்று விண்ணப்பம்பண்ணினான். தேவன் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. "இவ்வளவு பெரிய தீர்க்கதரிசி இப்படிப் பேசலாமா?" என்று கேட்கவில்லை. அவனைத் தூங்கவிட்டார். தூதனை அனுப்பினார். தூதன் அவனைத் தொட்டு எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடியும் தூங்கவிட்டு, மறுபடியும் கொடுத்தான். பயணம் அவனுக்கு வெகுதூரமாயிருக்கிறதென்று தேவன் அறிந்திருந்தார். உறக்கம், உணவு, தொடும் ஒரு கை ஆகியவற்றிற்குப் பிறகுதான் ஓரேபிலே மெல்லிய சத்தம் கேட்டது.

வியட்நாம் போரில் அமெரிக்கப் படைவீரர் பலர் ஹெராயினுக்கு அடிமையானார்கள். 1971-இல் அதிபர் நிக்சன், திரும்பிவருகிறவர்களைச் சோதிக்கும்படி ஆணையிட்டார். அவர்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தவர் லீ ராபின்ஸ் என்ற பெண் அறிஞர். அங்கே அடிமைப்பட்டிருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஊர் திரும்பிய பின் அதற்குள் மறுபடியும் விழவில்லை என்று அவர் கண்டார். வீடும் ஊரும் மாறிய சூழலும் ஒரு மனிதனைத் தூக்கி நிறுத்தக்கூடும். நம் வீரர்களுக்கு விடுப்பு நாட்களில் கிடைக்கிற வீடு எப்படிப்பட்டது? சபை எப்படிப்பட்டது?

ஆகஸ்டு 15 அன்று அவர்களை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டுகிறோம். எல்லையில் நடந்த வீரச்செயலைச் சாட்சியாகச் சொல்லக் கேட்கிறோம். "தம்பி, நேற்றிரவு தூங்கினீரா?" என்று கேட்டதுண்டா? உறக்கமில்லை என்று தன் மேலதிகாரியிடம் சொன்னால் மெடிக்கல் கேட்டகரி இறங்கிவிடும், பதவி உயர்வு தடைபடும் என்று அஞ்சுகிறான். தன் வீட்டில் சொன்னால் தாய் அழுவாள். சபையில் சொன்னால் விசுவாசக் குறைவு என்பார்கள். சொல்வதற்கு ஓரிடமும் இல்லாதவனுக்குத் தோப்பு இருக்கிறது. அங்கே யாரும் அவனை நியாயம் தீர்ப்பதில்லை. இதை எழுதும்போது என் மனசாட்சி என்னையே குத்துகிறது. இத்தனை ஆண்டு ஊழியத்தில் அவராக வந்து சொல்லும்வரை நானும் யாரிடமும் கேட்டதில்லை.

நாம் செய்யக்கூடியவை

சட்டத்தை மாற்றுவது நம் கையில் இல்லை. சில காரியங்கள் நம் கையில் உண்டு.

வேலூர் ஆரணி சாலையில் பாகாயத்தில், கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957 முதல் இயங்கிவருகிறது. நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சையில் பங்குபெறும் முறையை நம் நாட்டில் முன்னோடியாய் நடத்திக்காட்டிய இடம் அது. நம் ஊரிலிருந்து வேலூர் போகும் வழியிலேயே இருக்கிறது. 14416 என்ற எண்ணில் அரசின் டெலி-மானஸ் சேவையைக் கட்டணமின்றித் தமிழிலேயே அழைக்கலாம். படைவீரருக்கென்றே அதன் தனிப்பிரிவு ஒன்று 2023 டிசம்பரில் புனேயிலுள்ள இராணுவ மருத்துவக் கல்லூரியில் தொடங்கப்பட்டது. போதைப் பழக்கத்தில் விழுந்தவர்களுக்கும் சட்டம் ஒரு வாசலைத் திறந்துவைத்திருக்கிறது. 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 64-ஏ பிரிவின்படி, பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம்சாட்டப்பட்ட ஒருவர், தாமே முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையில் விடுபடும் சிகிச்சை பெறுவாரானால் வழக்கு விசாரணையிலிருந்து விலக்குப் பெறலாம். இராணுவ ஒழுங்கு வேறு. ஆனால் ஊரிலுள்ள வாலிபர்களுக்கும் ஓய்வுபெற்றவர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். பயந்து ஒளிந்துகொண்டிருக்கத் தேவையில்லை.

தலைமையில் இருக்கிறவர்களிடம் நாம் கேட்கவேண்டியதும் ஒன்று உண்டு. "எனக்கு உறக்கமில்லை" என்று சொல்ல வருகிறவனையும், மயக்கத்தில் பிடிபட்டவனையும் ஒரே தராசில் நிறுக்காதிருங்கள். உதவி கேட்டு வருகிறவனுடைய பதவியும் பிழைப்பும் அதனாலேயே கெட்டுப்போகுமானால், கஞ்சாவைத் தடுக்கும் சட்டம் எவ்வளவு கடுமையாயிருந்தாலும் பயனில்லை. தடை நியாயமானது என்று நான் நம்புகிறேன். காயத்தைக் கட்டுகிறவர்களுக்குத்தான் தடை விதிக்கும் உரிமை உண்டு என்றும் நம்புகிறேன்.

சபைக்குள்ளும் ஒரு காரியத்தைத் தொடங்குவோம். விடுப்பில் வரும் ஒவ்வொரு படைவீரரையும் முதல் வாரத்திலேயே ஒரு குடும்பம் தன் வீட்டுக்கு உணவுக்கு அழைக்கட்டும். சாட்சி கேட்க வேண்டாம், போர்க்கதை கேட்க வேண்டாம். சோறு போடுங்கள், அவர் பேசினால் கேளுங்கள், பேசாவிட்டால் கூடவே உட்கார்ந்திருங்கள். ஓய்வுபெற்ற மூத்தவர்கள் இதில் முன்நிற்க வேண்டுகிறேன். நீங்கள் கடந்துவந்த இரவுகளை எங்களைவிட நீங்களே அறிவீர்கள்.

அந்தத் தம்பிக்கு அன்று மாலை இவற்றில் ஒரு பங்குதான் சொன்னேன். மறுவாரம் அவரும் அவர் தாயாரும் நானும் மருத்துவரிடம் போனோம். கூடவே வருகிறேன் என்று தாயார் தாமே சொன்னார். அவர் அழுவார் என்று பயந்திருந்த மகனுக்கு அது பெரிய ஆறுதலாயிற்று. எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. தோப்புக்கு மறுபடியும் ஒரு முறை போனதாக அவரே என்னிடம் சொன்னார். விடுப்பு முடிந்து காட்பாடியில் வண்டி ஏறினார். போன மாதம் ஒரு நாள் விடியற்காலையில் என் கைப்பேசிக்கு அவரிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது: "ஐயா, நேற்று நாலு மணி நேரம் தூங்கினேன். ஒன்றும் எடுக்காமல்."

நாலு மணி நேரம். நமக்கு அது அற்பமாய்த் தோன்றலாம். அன்று காலை நான் முழங்காற்படியிட்டுத் தேவனுக்கு ஸ்தோத்திரம் செலுத்தினேன்.

ஜெபம்

எங்கள் பரம தகப்பனே, சூரைச்செடியின்கீழ் உறங்கின உமது ஊழியக்காரனைக் கடிந்துகொள்ளாமல் போஷித்தவரே, எல்லைகளில் விழித்திருக்கும் எங்கள் பிள்ளைகளை நினைத்தருளும். அவர்கள் கைகளுக்குத் தெளிவையும், உள்ளங்களுக்குச் சமாதானத்தையும், கண்களுக்கு நித்திரையையும் தாரும். அவர்களுக்குத் தவறான கோப்பையை நீட்டின எங்களை மன்னியும். காயத்தைக் கட்டும் கைகளாக எங்கள் சபையை மாற்றும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், நல்ல பிதாவே. ஆமென்.